வானொலி ஓய்ந்த பின் விமானம் வந்திறங்கும் முறை

(பெக்கோக்கில் பொதுமக்கள் கூட்டத்திற்கென ஆயத்தம் செய்யப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பறந்து வரும் ஒரு பயணிகள் விமானம், தரையுடன் பேசும் வானொலித் தொடர்பை நடுவழியில் இழந்துவிட்டால், அது சேரவேண்டிய விமான நிலையத்தை எந்த வழியாக அணுகும், எந்த உயரத்தில் வரும், எந்த நிமிடத்தில் கீழிறங்கத் தொடங்கும் என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள். கேட்ட மாத்திரத்தில் இது விமானிகளுக்கு மட்டுமே உரிய நுட்பச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், பேசிக்கொள்ள முடியாத நிலையிலும் இரு தரப்பினர் ஒருவரையொருவர் நம்பி ஒரே முடிவுக்கு வந்துசேரும் வழியை மனித குலம் எவ்வளவு பொறுமையாக வகுத்து வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இவ்வுரை நிறுவ முயலும் கருத்து ஒன்றே: பேச்சு நின்ற பிறகு விமானத்தைப் பெரிதும் காப்பது, பேச்சு இருந்தபோதே செய்துகொள்ளப்பட்ட உடன்பாடும், அந்த உடன்பாட்டை மாறாமல் கடைப்பிடிக்கும் ஒழுங்குமே ஆகும்.

சிகாமட் மாவட்டத்தில், லாபிஸுக்கும் பாலோவுக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டி அமைந்து, எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் நுழைவாயிலுக்கு வழிவிடும் பெக்கோக்கில் விமான நிலையம் இல்லை. அப்படியிருக்க, இவ்வூர் மக்களுக்கு இந்தப் பொருள் எதற்கு? தெற்கே, 1974இல் திறக்கப்பட்டு இன்று 3,800 மீட்டர் ஓடுபாதையைக் கொண்டிருக்கும் செனாய் விமான நிலையம் இருக்கிறது. அதற்கும் தெற்கே, நீரிணையைக் கடந்தால், சிங்கப்பூரின் சாங்கி இருக்கிறது. வடமேற்கே சிப்பாங்கில் கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம் இருக்கிறது. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான வான்வழி உலகின் மிக நெரிசலான பன்னாட்டு வழிகளுள் ஒன்று. தெற்கே இறங்கவிருக்கும் விமானங்கள் உயரத்தைக் குறைத்து வருகைக்கு ஆயத்தமாகும் வான்வெளி ஜொகூரின் வான்வெளியே ஆகும். தோட்டத்திலும் வீட்டிலும் வேலையாக இருப்போர் நிமிர்ந்து பார்க்கும் அந்தப் புள்ளிகளுள் ஒன்றில் திருச்சியிலிருந்து திரும்பும் உறவினரும், பினாங்கிலிருந்து வரும் கல்லூரி மாணவரும் அமர்ந்திருக்கக்கூடும் என்பதால், இந்தப் பொருள் எவருக்கும் அயலானது அன்று.

முதலில், வானொலி நன்றாக இயங்கும்போது நடப்பது என்ன? ஒவ்வொரு பயணிகள் விமானமும் புறப்படும் முன்பே தன் பறப்புத் திட்டத்தை வான்போக்குவரத்துப் பணியகத்திடம் அளிக்கிறது. எந்த வழியில், எந்த உயரத்தில், எந்த வேகத்தில் செல்லும், எவ்வளவு நேரத்தில் சேரும் என்பன யாவும் அதில் எழுதப்பட்டிருக்கும். பறக்கத் தொடங்கியபின், தரையிலிருக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ரேடார் திரையைப் பார்த்து, அந்தத் திட்டத்தைத் தேவைக்கேற்ப மாற்றி, உயரத்தையும் திசையையும் வேகத்தையும் குரல்வழி ஆணையிடுகிறார். விமானி அந்த ஆணையைத் திரும்பச் சொல்லி உறுதி செய்கிறார். நிலையத்தை நெருங்கும்போது, பல திசைகளிலிருந்து வரும் விமானங்களை ஒரே வரிசையில் கோப்பதற்கென முன்கூட்டியே வரைந்து வெளியிடப்பட்ட நிலையான வருகைப் பாதைகள் உள்ளன. பெயரிடப்பட்ட புள்ளிகளை இணைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கவேண்டிய உயரத்தையும் வேகத்தையும் குறிப்பிட்டு வரையப்பட்ட வான்வரைபடங்கள் அவை.

இந்தப் பேச்சு எதனால் அறுந்துபோகிறது? விமான வானொலி பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகிறது; அந்த அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால் மலையும் பூமியின் வளைவும் அவற்றை மறைக்கும். கருவி பழுதாகலாம், மின்சாரம் தடைப்படலாம், ஒலிவாங்கியின் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டு அலைவரிசை முழுவதையும் அடைத்துவிடலாம். இவற்றைவிட எளிய காரணம், ஒரு கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அடுத்த மையத்திற்கு மாறும்போது எண்ணைத் தவறாகத் திருகிவிடுவது. ஆகவே, தொடர்பு அறுந்தது என்று ஐயுற்றவுடன் விமானி செய்யும் முதல் வேலை எளியது: ஒலியளவைப் பார்ப்பது, பழைய அலைவரிசைக்குத் திரும்புவது, மாற்று வானொலியை முயல்வது, 121.5 மெகாஹெர்ட்ஸ் என்னும் அவசரகால அலைவரிசையில் அழைப்பது, அருகில் பறக்கும் வேறொரு விமானத்தின் வழியாகச் செய்தி அனுப்ப முயல்வது. எதுவும் பயன்தராதபோது, தன் குரல் எவருக்கேனும் கேட்கலாம் என்ற எண்ணத்துடன், மறுமொழியை எதிர்பாராமல், தன் நிலையையும் நோக்கத்தையும் இருமுறை அறிவிக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி.

அடுத்து வருவது நான்கு இலக்கங்கள். விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி ஒன்று உண்டு. தரையிலுள்ள ரேடார் வினவும்போதெல்லாம் அது ஓர் எண்ணை மறுமொழியாக அனுப்பும். கட்டுப்பாட்டாளர் தந்த எண்ணை நீக்கிவிட்டு விமானி அதில் 7600 என்று அமைத்தால், வானொலித் தொடர்பு அறுந்தது என்ற செய்தி உடனே ரேடார் திரையில் எச்சரிக்கையாக எழும். 7500 என்றால் கடத்தல். 7700 என்றால் பொதுவான பேராபத்து. 7600 என்றால் தொடர்பிழப்பு. உலகின் எந்த மூலையிலும் இந்த எண்களுக்குப் பொருள் ஒன்றே. வாய் பேசாத விமானம் இவ்வாறு முதல் செய்தியைத் தெரிவித்துவிடுகிறது. ஆனால், செய்தி தெரிந்துவிட்டால் போதுமா? இனி அந்த விமானம் என்ன செய்யும் என்று கட்டுப்பாட்டாளருக்குத் தெரிய வேண்டாமா?

அங்கேதான் உடன்பாடு தொடங்குகிறது. 1944 டிசம்பர் 7ஆம் நாள் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியே பன்னாட்டுக் குடிமை வான்பயண அமைப்பு உருவாயிற்று. அந்த உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பான வான்விதிகள், தொடர்பிழந்த விமானத்தின் கடமையை வானிலையை வைத்து இரண்டாகப் பிரிக்கின்றன. மேகமின்றித் தரை தெளிவாகத் தெரிந்தால், விமானி அந்தத் தெளிந்த வானிலேயே தொடர்ந்து பறந்து, அருகிலுள்ள தகுந்த விமான நிலையத்தில் இறங்கி, தான் இறங்கிய செய்தியை எவ்வளவு விரைவில் இயலுமோ அவ்வளவு விரைவில் தரையாட்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பகலும் தெளிவும் துணைநிற்கும்போது விதி சுருக்கமாக முடிந்துவிடுகிறது. மேகம் சூழ்ந்து, கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்க வேண்டிய நிலையில்தான் விதி நீள்கிறது; வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஜொகூரின் வானத்தை அறிந்தவர்களுக்கு அந்த நிலை எவ்வளவு இயல்பானது என்பதை விளக்கத் தேவையில்லை.

மேகத்துள் இருக்கும் விமானம் செய்யவேண்டியது, முதலில், எதையும் மாற்றாமல் இருப்பது. ரேடார் கண்காணிப்பு உள்ள வான்வெளியில், தனக்குக் கடைசியாகத் தரப்பட்ட வேகத்தையும் உயரத்தையும், அல்லது அந்த இடத்தின் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம் அதைவிட அதிகமாயின் அந்த உயரத்தை, 7 நிமிடங்களுக்கு மாறாமல் காக்க வேண்டும். கடைசியாகத் தரப்பட்ட உயரத்தை எட்டிய நேரம், 7600 அமைத்த நேரம், கட்டாயமாக அறிவிக்கவேண்டிய புள்ளியில் அறிவிக்க இயலாமற்போன நேரம் ஆகிய மூன்றில் எது பிந்தியதோ அதிலிருந்து அந்த 7 நிமிடங்கள் எண்ணப்படும். ரேடாரின் கண் எட்டாத வான்வெளியிலோ, அவ்வாறு அறிவிக்க இயலாமற்போன நேரத்திலிருந்து 20 நிமிடங்கள் காக்க வேண்டும். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வங்கக் கடலைக் கடந்து மலேசியா வரும் விமானம், சென்னை வான்தகவல் வட்டாரத்திலிருந்து கோலாலம்பூர் வட்டாரத்திற்குள் நுழைகிறது. ஒரே பயணத்தில் கரைக்கு அருகே ஒரு விதியும் நடுக்கடலில் வேறொரு விதியும் பொருந்தக்கூடும் என்பதை விமானி நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த நிமிடங்கள் எதற்காக? முன்னும் பின்னும் மேலும் கீழும் இருக்கும் மற்ற விமானங்களை விலக்கிக்கொள்ளக் கட்டுப்பாட்டாளருக்குத் தரப்படும் அவகாசம் அது. அந்த அவகாசம் முடிந்தபின், விமானம் தன் பறப்புத் திட்டத்தில் எழுதப்பட்ட உயரத்திற்கும் வேகத்திற்கும் மாறிக்கொள்கிறது.

தொடர்பு அறுந்த கணத்தில் கட்டுப்பாட்டாளரின் ஆணைப்படி வழக்கமான வழியைவிட்டு விலகிப் பறந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தைக் கருத்தில் கொண்டு, அடுத்த முக்கியப் புள்ளிக்குள்ளாகவே திட்டத்திலுள்ள வழிக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பின், சேரவேண்டிய விமான நிலையத்திற்கென வரையறுக்கப்பட்ட வழிகாட்டி நிலையத்தையோ புள்ளியையோ அடைந்து, இறங்கும் நேரம் வரும்வரை அதன்மேல் காத்திருப்புச் சுற்றில் சுற்ற வேண்டும். நீள்வட்டமாக அமையும் அந்தச் சுற்றில், 14,000 அடியிலும் அதற்குக் கீழும் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம். கட்டுப்பாட்டாளர் முன்பே ஓர் அணுகு நேரத்தைக் குறித்துத் தந்து, அதை விமானி கேட்டு ஒப்புக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் கீழிறங்கத் தொடங்க வேண்டும். தரப்படவில்லையெனில், பறப்புத் திட்டத்தின்படி அந்தப் புள்ளிக்கு வந்துசேரும் என்று கணக்கிடப்பட்ட நேரத்தில் தொடங்க வேண்டும். பின்னர், வெளியிடப்பட்ட கருவிவழி இறங்குமுறையை முழுமையாகப் பின்பற்றி, அந்த இரண்டு நேரங்களுள் பிந்தியதிலிருந்து 30 நிமிடங்களுக்குள், இயலுமாயின், தரையிறங்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொண்டால் இது தெளிவாகும். பினாங்கிலிருந்து செனாய்க்கு ஒரு விமானம் வருகிறது; செனாய்க்குரிய புள்ளியை அது காலை 10:00 மணிக்கு அடையும் என்பது திட்டம். வழியெங்கும் அடர்ந்த மேகம். 9:30 மணிக்கு வானொலி ஓய்கிறது. எல்லா முயற்சிகளும் பயனற்றுப்போக, 9:31க்கு விமானி 7600 அமைக்கிறார். கடைசியாகத் தரப்பட்ட உயரத்திலேயே அப்போது பறந்துகொண்டிருக்கும் அவ்விமானம், 9:38 வரை அந்த உயரத்தையும் வேகத்தையும் மாற்றுவதில்லை. அதன்பின் திட்டத்திலுள்ள உயரம், திட்டத்திலுள்ள வழி. காற்று சற்றே பின்னிருந்து தள்ளியதால் 9:56க்கே புள்ளியை அடைந்துவிடுகிறது என்று கொள்வோம். விமானி உடனே இறங்கலாமா? கூடாது, 10:00 மணிவரை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். வானொலி உயிரோடிருந்தபோது, முன்னே வரிசை நீண்டிருப்பதால் 10:12க்கே அணுகலாம் என்று கட்டுப்பாட்டாளர் கூறி, விமானி அதை ஒப்புக்கொண்டிருந்தால், 10:12 வரை சுற்ற வேண்டும். முதல் நிலையில் 10:30க்குள்ளும் இரண்டாம் நிலையில் 10:42க்குள்ளும் சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட வேண்டும். தரையிலிருக்கும் கட்டுப்பாட்டாளர், அந்த விமானத்திலிருந்து ஒரு சொல்லும் கேளாமலேயே, இதே கணக்கைத் தம் மேசையில் போட்டு, இதே முடிவுக்கு வந்திருப்பார். இரு தனி மனிதர்கள், இரு வேறு இடங்களில், ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடையை அடைவதுதான் இந்த விதியின் பெருமை!

இத்தகைய முன்னுடன்பாடு பெக்கோக்கிற்குப் புதிதன்று. 1909இல் ஜொகூரைக் குறுக்கே கடந்து நிறைவுற்ற இரயில் பாதை இவ்வூர் வழியே செல்கிறது. அது ஒற்றைத் தண்டவாளமாக இருந்த நெடுங்காலத்தில், ஒரு வண்டி நிலையத்தில் ஒதுங்கி நிற்க, எதிர்வண்டி கடந்துசென்ற காட்சியைப் பெக்கோக்கின் முதியோர் நன்கு அறிவர். எதிரே வரும் ஓட்டுநரோடு பேசி முடிவெடுத்து எந்த ஓட்டுநரும் வண்டியை நகர்த்தவில்லை. எந்த நிலையத்தில் எந்த வண்டி ஒதுங்கும் என்ற ஒழுங்கு முன்பே இருந்தது, அதை இருவரும் காத்தனர். வானிலும் அதே அறமே நிலவுகிறது. காத்திருக்கப் பொறுமையின்றி, தன் அறிவுக்கு எட்டிய குறுக்குவழியில் ஒரு விமானி இறங்கிவிட்டால், அந்தக் குறுக்குவழி அவருக்கு எவ்வளவு சிறந்ததாகப் பட்டாலும், அவ்வழியில் வேறொரு விமானம் செலுத்தப்பட்டிருக்கக்கூடும் அல்லவா?

கட்டுப்பாட்டாளரின் பக்கமும் கடமைகள் குறைவல்ல. விமானத்தின் அனுப்பும் கருவி மட்டும் பழுதாகி, கேட்கும் கருவி நலமாக இருக்கலாம் என்பதால், அவர் முதலில், கேட்கிறதாயின் இந்தப் பக்கம் திரும்புக என்றோ டிரான்ஸ்பாண்டரின் அடையாளப் பொத்தானை அழுத்துக என்றோ ஆணையிட்டுத் திரையைப் பார்ப்பார். விமானம் திரும்பினால், ஒருவழிப் பேச்சு உயிரோடிருக்கிறது என்று பொருள். அதன்பின் வழக்கம்போல் வழிநடத்தலாம். திரும்பவில்லையெனில், அவ்விமானம் விதிப்படி செல்லவேண்டிய வழியையும் உயரங்களையும் மற்ற விமானங்களுக்கு மூடி வைப்பார். வானிலை பற்றியும் ஓடுபாதை பற்றியும் மறுமொழி எதிர்பாராத அறிவிப்புகளை அனுப்பிக்கொண்டேயிருப்பார். இறங்கவேண்டிய நேரம் கடந்து 30 நிமிடங்கள் ஆகியும் அவ்விமானம் வந்து சேரவில்லை, செய்தியும் இல்லை என்றால், மற்ற விமானங்களின் தலைவர்களுக்கு நிலைமையைத் தெரிவித்து, அவர்கள் விரும்பினால் வழக்கமான போக்குவரத்தைத் தொடர விதி இடந்தருகிறது. அதுவரை, பேச முடியாத ஒரே ஒரு விமானத்திற்காக அந்த வான்வெளி காத்துக் கிடக்கிறது.

விமானம் நிலையத்தின் கண்பார்வைக்குள் வந்துவிட்டால் மிகப் பழைய கருவி ஒன்று துணைக்கு வருகிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விமானத்தை நோக்கிக் குறிவைத்துக் காட்டப்படும் ஒளிவிளக்கே அது. அணையாத பச்சை: இறங்கலாம். அணையாத சிவப்பு: வேறு விமானத்திற்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. விட்டுவிட்டு மின்னும் பச்சை: இறங்குவதற்காகத் திரும்பி வா. விட்டுவிட்டு மின்னும் சிவப்பு: நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. விட்டுவிட்டு மின்னும் வெள்ளை: இந்த நிலையத்தில் இறங்கி விமானத் தரிப்பிடத்திற்குச் செல். கண்டுகொண்டேன் என்பதற்கு, பகலில் இறக்கைகளை அசைத்தும், இரவில் இறங்குவிளக்கை இருமுறை ஏற்றி அணைத்தும் விமானி மறுமொழி தருகிறார். செயற்கைக்கோள் யுகத்திலும் இந்த விளக்கு கைவிடப்படவில்லை என்பது, பாதுகாப்பை உண்மையாகவே விரும்புவோர் பழையதைப் பழையது என்பதற்காக எறிந்துவிடமாட்டார்கள் என்பதற்குச் சான்று.

அன்பர்களே, இதுவரை கூறியவற்றுள் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம் என்ற ஒன்று மீண்டும் மீண்டும் வந்ததைக் கவனித்திருக்கலாம். கருவிகளை நம்பிப் பறக்கும் விமானம், தான் இருப்பதாகக் கணிக்கும் இடத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல், பொதுவாகக் குறைந்தது 300 மீட்டரும், மலைப்பகுதியாயின் 600 மீட்டரும் உயர்ந்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. 1,276 மீட்டர் உயர்ந்த குனோங் லேடாங் ஜொகூரின் வடமேற்கில் நிற்கிறது என்பதை எண்ணினால் இந்த எண்களின் கனம் விளங்கும். கடைசி ஆணை என்னவாயினும், அது இந்த உயரத்திற்குக் கீழாக இருந்தால் இந்த உயரமே வெல்லும். ஏன் இவ்வளவு கண்டிப்பு?

விடை, ஜொகூரின் வான்வழியே சென்ற ஒரு விமானத்தில் இருக்கிறது. 1989 பிப்ரவரி 19ஆம் நாள் காலையில், சிங்கப்பூரிலிருந்து சுபாங் வந்துகொண்டிருந்த ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம், பூச்சோங் அருகே ஒரு குன்றில் மோதிச் சிதறியது; விமானத்திலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். அந்த விமானத்தின் வானொலி அறுந்துபோகவில்லை, நன்றாகவே இயங்கியது. 2,400 அடிக்கு இறங்கலாம் என்று கட்டுப்பாட்டாளர் கருதிச் சொன்னதை விமானியறை 400 அடி என்று எடுத்துக்கொண்டது. திரும்பச் சொல்லப்பட்டபோது அந்தப் பிழை திருத்தப்படவில்லை. வரைபடத்தில் அச்சிடப்பட்டிருந்த குறைந்தபட்ச உயரமும், நிலம் நெருங்குகிறது என்று ஒலித்த எச்சரிக்கையும் அவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை. பேச்சு உயிரோடிருக்கும்போதே பொருள் அறுந்துவிடக்கூடும். அந்த நேரத்தில் கடைசிக் காவலாக நிற்பது வரைபடத்தின் அந்த எண்தான் என்பதை இந்த நாட்டு மண்ணிலேயே நால்வர் உயிர்கொடுத்து உணர்த்திச் சென்றனர்.

கடல் கடந்து இன்னொரு துயரம். 2006 செப்டம்பர் 29ஆம் நாள், பிரேசிலின் அமேசான் காட்டுக்கு மேல், கோல் நிறுவனத்தின் போயிங் 737 விமானமும் எம்பிரேயர் லெகசி என்னும் சிறு ஜெட் விமானமும் 37,000 அடி உயரத்தில் எதிரெதிரே வந்து மோதின. போயிங்கில் இருந்த 154 பேரும் மாண்டனர், சிறு விமானம் ஒரு படைத்தளத்தில் தட்டுத்தடுமாறி இறங்கியது. சிறு விமானத்தின் பறப்புத் திட்டம், பிரசீலியாவைக் கடந்தபின் அது 36,000 அடிக்கு இறங்க வேண்டும் என்று கூறியது. விமானிகளோ தாங்கள் பெற்ற அனுமதி 37,000 அடிக்கே என்று கொண்டு அதிலேயே தொடர்ந்தனர். அதன் டிரான்ஸ்பாண்டரும் அனுப்பாமல் நின்றுபோனது; இரு தரப்பும் வானொலியில் அழைத்தும் ஒருவரையொருவர் எட்ட முடியவில்லை. யார் பொறுப்பு என்பது பற்றிய வாதங்கள் பல உண்டு. இவ்வுரைக்கு வேண்டியது வேறு. திட்டத்தில் ஓர் உயரம், பறந்தது வேறோர் உயரம், அந்த வேறுபாட்டைப் பேசித் தீர்க்க வழியில்லை. தொடர்பிழப்பு மட்டும் கொல்வதில்லை. தொடர்பிழந்த நேரத்தில் இரு தரப்பின் மனத்திலும் இரு வேறு உடன்பாடுகள் இருப்பதே கொல்கிறது.

எல்லாத் தொடர்பிழப்பும் துயரில் முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரி 16ஆம் நாள், மும்பையிலிருந்து லண்டன் சென்ற ஜெட் ஏர்வேஸ் விமானம் ஜெர்மனியின் மேல் பறந்தபோது தரையோடு தொடர்பிழந்தது. ஜெர்மானிய வான்படையின் போர் விமானங்கள் இரண்டு எழுந்து அதை நெருங்கிப் பார்த்தன. சிறிது நேரத்தில் தொடர்பு மீண்டது, விமானம் லண்டனில் நலமாக இறங்கியது. 2004 செப்டம்பர் 14ஆம் நாள், அமெரிக்காவின் பாம்டேல் நகரிலுள்ள கட்டுப்பாட்டு மையம், தன் குரல்தொடர்பு அமைப்பு நின்றுபோனதால், ஏறத்தாழ 400 விமானங்களோடு ஒரே நேரத்தில் பேச்சிழந்தது; மூன்று மணி நேரத்திற்கும் மேலாக அந்நிலை நீடித்தது. அமைப்பின் கணினி மில்லிநொடிகளை எண்ணிக்கொண்டே வந்து, ஏறத்தாழ 49.7 நாள்களில் எண்ண இடமின்றித் தானே நின்றுவிடும் இயல்புடையதாக இருந்தது. 30 நாளுக்கொருமுறை அதை நிறுத்தித் தொடங்க வேண்டும் என்ற எளிய கடமை தவறியதே காரணம். சில விமானங்களுக்கிடையே இருக்கவேண்டிய இடைவெளி குறைந்தது. ஆயினும் மோதல் எதுவும் நிகழவில்லை. ஒன்றையொன்று நெருங்கும் விமானங்களை எச்சரித்து, ஒன்றை மேலும் மற்றதைக் கீழும் செலுத்தச் சொல்லும் மோதல் தவிர்ப்புக் கருவி அன்று பெருந்துணையாக நின்றது. பழுது விமானத்தில்தான் நேரும் என்பதில்லை. தரையே ஊமையாகிவிடவும் கூடும்.

மலேசிய அவையில் இந்தப் பொருளைப் பேசும்போது, 2014 மார்ச் 8ஆம் நாள் 239 பேருடன் மறைந்த எம்எச்370 விமானத்தை நினையாமல் கடப்பது அறமாகாது. அதன் டிரான்ஸ்பாண்டரும் அனுப்புவதை நிறுத்திவிட்டது. விமானமும் திட்டமிட்ட வழியைவிட்டு விலகிவிட்டது. இவ்வுரையில் விளக்கப்பட்ட விதிகள், திட்டத்தைக் காத்து வரும் விமானத்தைச் சேர்க்க வல்லவையேயன்றி, திட்டத்தைவிட்டு விலகியதைத் தேடித் தர வல்லவை அல்ல. அந்தக் குறையை உலகம் உணர்ந்ததன் பயனாக, பெருங்கடல்களின் மேல் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடத்தை 15 நிமிடத்திற்கொருமுறையேனும் அறிந்திருக்க வேண்டும் என்ற பன்னாட்டு விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. காத்திருக்கும் குடும்பங்களின் துயரை அது ஆற்றாது. ஆனால் இனி எந்தக் குடும்பமும் அவ்வாறு காத்திருக்கக்கூடாது என்ற உறுதி அதில் இருக்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். விதியை இவ்வளவு இறுகப் பற்றினால், விமானியின் அறிவுக்கு இடமேது? இடமுண்டு. எரிபொருள் குறைந்தாலோ, தீப்பற்றினாலோ, உயிர்காக்க வேறு வழியில்லாதபோது விதியைவிட்டு விலகும் உரிமை விமானத் தலைவருக்கு உண்டு என்று அதே பன்னாட்டு விதிகள் சொல்கின்றன. மேலும், நாட்டுக்கு நாடு விதி சற்றே வேறுபடும். அமெரிக்காவில், கடைசியாகத் தரப்பட்ட உயரம், குறைந்தபட்ச உயரம், எதிர்பார்க்கச் சொல்லப்பட்ட உயரம் ஆகிய மூன்றில் எது உயர்ந்ததோ அதில் பறக்க வேண்டும் என்பது விதி. நெரிசல் மிகுந்த நிலையங்களுக்கெனத் தனி நடைமுறைகளும் வெளியிடப்படுவதுண்டு. மலேசியாவில் 2018 பிப்ரவரியில் தோன்றிய மலேசியக் குடிமை வான்பயண ஆணையம் போன்று ஒவ்வொரு நாட்டு ஆணையமும் தன் வான்தகவல் வெளியீட்டில் தன் நடைமுறையை அச்சிடுகிறது. ஆகவே விமானியின் அறிவு பெரிதும் வேலை செய்யவேண்டிய இடம், வானொலி ஓய்ந்த பின்னுள்ள மேகம் அன்று. புறப்படுமுன் அந்த வெளியீட்டைப் படிக்கும் மேசையே ஆகும்.

இந்த உண்மையே இவ்வுரையின் முடிவுக்கு வழிகாட்டுகிறது. விதியின் சொற்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். விமானி எந்த அணுகு நேரத்திற்குக் கட்டுப்பட்டவர்? தாம் கேட்டு, ஒப்புக்கொண்ட நேரத்திற்கு. எந்த உயரத்திற்கு? கடைசியாகத் தமக்குத் தரப்பட்டு, தாம் திரும்பச் சொல்லி உறுதிசெய்த உயரத்திற்கு. எந்த வழிக்கு? தாமே எழுதித் தந்த வழிக்கு. இவற்றுள் ஒன்றேனும் வானொலி ஓய்ந்த பின் உருவாவதா? ஒன்றும் இல்லை! எல்லாமே வானொலி உயிரோடிருந்தபோது, எந்த ஆபத்தும் கண்ணுக்குத் தெரியாதபோது, வழக்கமான வேலையாக, சலிப்பூட்டும் கடமையாகச் செய்யப்பட்டவை. ஆணையை முழுமையாகத் திரும்பச் சொல்லாத விமானியும், திரும்பச் சொன்னதைக் கவனித்துக் கேளாத கட்டுப்பாட்டாளரும், 30 நாளுக்கொருமுறை கணினியை நிறுத்தித் தொடங்க மறந்த பணியாளரும், வரவிருக்கும் ஒரு நெருக்கடியின் கருவியைத் தம் கையாலேயே உடைத்து வைக்கிறார்கள். திட்டத்தைத் திருத்தமாக எழுதி, நேரத்தைக் குறித்து, கேட்டதை உறுதிசெய்து வேலை செய்பவர்களோ, தாம் அறியாத ஒரு நாளில் தாம் காணாத மனிதர்களைக் காக்கிறார்கள்.

மாணவச் செல்வங்களே! விமானி ஆவதற்கும், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆவதற்கும், விமானத்தின் வானொலியைப் பழுதுபார்க்கும் பொறியாளர் ஆவதற்கும் பெருநகரத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. கணிதமும் இயற்பியலும் தெளிந்த மொழித்திறனும் வேண்டும், அவற்றினும் மேலாக, எவரும் பார்க்காத நேரத்திலும் கடமையை முழுமையாகச் செய்யும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் பள்ளிப் பருவத்திலேயே, கணக்கைச் சரிபார்ப்பதிலும் சொன்ன நேரத்திற்கு வருவதிலும் தொடங்குகிறது. பெற்றோர்களே! அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வளர்த்துவிடுங்கள். ஜொகூரின் வானத்தில் வரும் விமானங்களை வழிநடத்தும் குரல்களுள் பெக்கோக்கின் குரலும் ஒன்றாக ஒலிக்கட்டும், அந்தக் குரல் ஒருநாள் விமானியை எட்டாமற்போனாலும் அது முன்பே சொல்லி உறுதிசெய்த சொல் விமானத்தை ஓடுபாதைக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்!